குண்டு டிவியும் வாத்துத் துப்பாக்கியும்

திண்டிவனம் நேரு வீதியில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. பவர் கண்ணாடிகளைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அங்கே வெனிலாவின் வேலை. நாற்பதை நெருங்கும் வயது. வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். ஆனால் மூடியிருக்கும் எந்தப் பொருளையும் அவளால் மூடியபடி விட்டுவைக்க முடியாது. கடையின் சுவர்க் கடிகாரம் நின்றுபோனால், பேட்டரி மாற்றுவதற்கு முன்னால் எந்தப் பல்சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று பார்த்தாக வேண்டும். அதனாலேயே முதலாளி புது மெஷின் எதையும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கமாட்டார்.

தம்பி இருதய அருண் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது தன் பழைய டிவி கேம் பெட்டியை வீட்டில் விட்டுப் போயிருந்தான். மேலே கேசட்டைச் சொருகி, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ரிமோட் பிடித்து ஆடுகிற ரகம். சில வருஷம் சும்மா கிடந்தது. ஒரு மழை நாளில் பொழுது போகாமல் அதை டிவியில் மாட்டினாள். திரையில் கோடு கோடாகத்தான் வந்தது.

"கேசட்ட எடுத்து ஊது. தம்பி அப்டிதான் ஊதிக்கினு இருப்பான்" என்றாள் அம்மா சூசை மேரி.

ஊதினாள். படம் வந்தது. அத்தோடு வேறு யாராக இருந்தாலும் ஆட உட்கார்ந்திருப்பார்கள். வெனிலாவுக்கோ, ஊதினால் ஏன் வருகிறது என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. மூக்குக் கண்ணாடி திருகும் சின்ன ஸ்குரூ டிரைவரால் கேசட்டைப் பிரித்தாள். உள்ளே வரிசையாகச் செம்புப் பற்கள், கறுத்துப்போய். தம்பி அதிகமாக ஊதி ஆடிய கேசட்டுகளின் பற்களில் பச்சை பூத்திருந்தது. அவன் தொடாமல் வைத்திருந்தவற்றில் அவ்வளவு இல்லை. சந்தேகம் தீராமல், ஒரே மாதிரி இரண்டு கேசட்டை எடுத்து, மழைக்காலம் முழுக்க ஒன்றை மட்டும் தினமும் ஊதி வைத்தாள்.

"அந்த நேரத்துக்கு ஒரு ஜெபமாலை சொல்லியிருந்தா புண்ணியமாச்சும் சேர்ந்திருக்கும்" என்றாள் அம்மா.

கார்த்திகை முடிவதற்குள் ஊதிய கேசட் பச்சை பிடித்துவிட்டது. படம் வருவதற்குக் காரணம் ஊதுவதல்ல, எடுத்துத் திரும்பச் சொருகும்போது பற்கள் உரசுவதுதான் என்று வெனிலா புரிந்துகொண்டாள். வாயின் ஈரம் உள்ளே போய்க் கெடுதல்தான் செய்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேசட்டை ஊதுவதில்லை. அழிரப்பரால் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் ரப்பர் மெத்தை ஏன் தேய்கிறது, வயர் ஏன் எப்போதும் கழுத்திலேயே அறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கை பழகிவிட்டது. சூசை மேரியும் சும்மா இருக்கவில்லை. டாங்கி வைத்துச் சுடும் ஆட்டத்தில் மகளை உட்கார்த்தி வைத்துத் தோற்கடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

சூர்யகலா கடைக்கு வந்தது மூக்குத் தாங்கி உடைந்த கண்ணாடியை மாற்றத்தான். மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். சாப்பாட்டு நேரம். வெனிலா ஒரு கையில் எலுமிச்சைச் சாதமும் மறு கையில் பிரித்துப்போட்ட ரிமோட்டுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இதெல்லாம் ரிப்பேர் பண்ணுவீங்களா? எங்க வூட்ல ஒரு கேம் துப்பாக்கி கீது. சுட்டா வாத்து வுழ மாட்டேங்குது."

"வாத்து சுடற ஆட்டமா? கொண்டாயேன், பாக்கலாம்."

"எனக்கு இல்லக்கா. எங்கப்பாவுக்கு."

அவளுடைய அப்பா அப்பாதுரை கடலுக்குப் போகிறவர். போட்டில் கயிறு இழுக்கும் மெஷினில் வலது கை மாட்டி, எலும்பு கூடின பிறகும் விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. ரப்பர் பந்தை வைத்து அழுத்திப் பழகச் சொன்னார் டாக்டர். அப்பாதுரை ஒரே வாரத்தில் பந்தை நாய்க்குப் போட்டுவிட்டார். ஆனால் சூர்யகலா சின்ன வயதில் ஆடிய அந்தத் துப்பாக்கி பரணிலிருந்து இறங்கியதும், ஆட்டத்தை விடவே மாட்டேன் என்றார். வாத்துக்காகச் சுட்டுவிரலை மடக்கினார். அது மடங்கவும் ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் துப்பாக்கி வேலை செய்யாமல் போயிற்று.

மறுவாரம் பெட்டியும் துப்பாக்கியும் வந்தன. வெனிலா துப்பாக்கியின் பிடிப் பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்தாள். கடற்கரை வீட்டுச் சாமான் என்று சொல்லாமலே தெரிந்தது. உள்ளே இருந்த விசைத் தகட்டில் உப்புக் காற்று பச்சையாகப் பொரிந்திருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினாள். தன் வீட்டு டிவியில் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். வாத்துகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

சூர்யகலா எடுத்துப்போனாள். மறுநாளே போன் வந்தது.

"அக்கா, ஒண்ணுகூட வுழல."

திரும்பக் கொண்டுவந்தாள். சூர்யகலாவின் கண் முன்னாலேயே வெனிலாவின் வீட்டில் வாத்துகள் விழுந்தன. வீட்டுக்கு எடுத்துப்போனால் மறுபடி ஒன்றும் விழவில்லை. அப்பாதுரை சிரித்தாராம். "அதுக்கும் என்ன மாரியே ஆயிடுச்சி. கடலப் பாத்தா கை வர மாட்டேங்குது!"

சூர்யகலாவுக்கு ஒரே பேஜாராகிவிட்டது. வெனிலாவுக்கோ நேர்மாறு. ஒரே பெட்டி, ஒரே துப்பாக்கி, ஒரே கேசட். திண்டிவனத்தில் வேலை செய்வது மரக்காணத்தில் செய்யவில்லை என்றால் என்ன அர்த்தம்? கண்ணாடி தேய்க்கும்போதும் அதே யோசனை. கரண்டு குறைவாக வருகிறதா? பக்கத்தில் ஐஸ் மெஷின் எதுவும் ஓடுகிறதா? ஈரமா? போனில் இவளே கேட்டுக்கொண்டிருந்தாள், சூர்யகலா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெனிலா மரக்காணத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். உப்பளங்களைத் தாண்டிக் குப்பத்துக்குள் நடந்து போனால், வாசல் கதவைத் திறந்ததும் கடல் தெரிகிற வீடு. அப்பாதுரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை.

"வாம்மா. வாத்து டாக்டர் நீதானா?"

"ஆமாங்கய்யா. ஒரு தபா சுட்டுக் காட்டுங்க."

அவர் சுட்டார். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, விரலை மெதுவாக மடக்கினார். டிக் என்று சத்தம் கேட்டது. திரை ஒரு தடவை சிமிட்டியது. வாத்து அதுபாட்டுக்குப் பறந்து போயிற்று. அந்தச் சிமிட்டல் வெனிலாவின் கண்ணில் பட்டது. வீட்டிலும் அது சிமிட்டும். சுட்டதற்கு அடையாளமாக ஒரு பளிச் காட்டுகிறது என்று இவ்வளவு நாளாக நினைத்திருந்தாள். போனை எடுத்து, மெதுவாக ஓடும் வீடியோவில் துப்பாக்கியும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி நாலைந்து முறை பிடித்துக்கொண்டாள். அவர்கள் வைத்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து, தம்பியின் சாமான்களில் கிடந்த வாத்துக் கேசட்டையும் பழைய துப்பாக்கியையும் தேடி எடுத்து, அம்மாவைச் சுடச் சொல்லி அதே மாதிரி படம் பிடித்தாள். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள். விரல் விசையை இழுத்ததும் திரை முழுக்கக் கறுத்தது. வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கட்டம் தோன்றி மறைந்தது. வெறும் கண்ணுக்கு அது சிமிட்டல், மெதுவாக ஓட்டினால் தெளிவான வெள்ளைக் கட்டம். தன் வீட்டில் அது விசை இழுத்த கையோடு வந்தது. மரக்காணத்து வீட்டில் ஒரு துளி தயங்கி, விரல் திரும்பி வரும் நேரத்தில் வந்தது.

உடனே தம்பியின் துப்பாக்கிக் குழலைத் திறந்தாள். குழலின் வாயில் ஒரு சின்ன லென்ஸ். அதற்குப் பின்னால் வெளிச்சத்தை உணர்கிற பொட்டு ஒன்று. வெனிலா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"ம்மா, இது சுடல. பாக்குது! நாம விசைய இழுத்தா டிவி வெள்ளையா காட்டுது. துப்பாக்கி அந்த வெள்ளையப் பாத்தா வாத்து அவுட்டு. நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறேன், இது எனக்குத் தெரியாமப் போச்சே!"

அந்த வெள்ளை நேரத்துக்கு வரவில்லை என்றால் துப்பாக்கி பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று கண்ணை மூடிக்கொள்ளும். அப்படியானால் கோளாறு துப்பாக்கியில் இல்லை. போனை எடுத்தாள்.

"சூர்யா, உங்க வூட்டு டிவி எப்ப வாங்குனது?"

"இப்பதான்க்கா. பழைய குண்டு டிவி புகைஞ்சிப்போச்சி. சுவத்துல மாட்ற தட்டை டிவி வாங்குனோம்."

"துப்பாக்கி எப்பலேர்ந்து வேலை செய்யல?"

"அப்பலேர்ந்துதான்க்கா" என்றாள் சூர்யகலா.

தட்டை டிவி படத்தை வாங்கி, தனக்குத் தகுந்த மாதிரி மாற்றிவிட்டுத்தான் காட்டும். அந்தத் தாமதம் சீரியல் பார்க்கிறவருக்குத் தெரியாது, துப்பாக்கிக்குத் தெரியும். வெனிலாவின் வீட்டில் இருந்ததோ பழைய குண்டு டிவி. இந்த ஆட்டங்கள் அதில்தான் பார்க்க அழகாக இருக்கின்றன என்று, காரணம் தெரியாமலே அதை அவள் விட்டுவைத்திருந்தாள். அதைத் தூக்கிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"என் டிவிய தூக்குனா நானும் கூடவே மரக்காணம் வந்துடுவேன்" என்றாள் சூசை மேரி. கையில் டாங்கி ஆட்டத்தின் ரிமோட்.

ஆகவே குண்டு டிவி வேட்டை தொடங்கியது. கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாட்டிச் சரிபார்த்துக்கொண்டே, "உங்க வூட்ல கவர்மென்ட்ல குடுத்த இலவச டிவி இன்னும் கீதா?" என்று கேட்டாள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த டிவி. இப்போது ஒருவர் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றார். ஒருவர் வீட்டில் அதன் கூட்டுக்குள் கோழி முட்டை இடுகிறதாம். கடைசியில் கூட வேலை பார்க்கும் பவானிதான் சொன்னாள்.

"விழுப்புரத்துல எங்க அத்தை வூட்ல ஒண்ணு இருக்குதுக்கா. ஓடுதான்னு தெரில. அது மேல மிக்ஸி வெச்சிருக்காங்க."

பவானியின் அத்தை பவுனு கறாரான ஆள். வெனிலா போய் நின்றதும் டிவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடுத்துக்கினு போ. ஆனா நாளைக்கு சட்னிய நான் எது மேல வெச்சி அரைக்கிறது?"

வெனிலா தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு மர ஸ்டூல் வாங்கி வந்தாள். பவுனு மிக்ஸியை அதில் வைத்து ஓட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று திருப்தியான பிறகே டிவியை விட்டாள். பிளக்கில் சொருகியதும் கொய்ங் என்று ஒரு சத்தம், பிறகு புள்ளி புள்ளியாகத் திரை. உயிர் இருந்தது.

புடவையால் சுற்றி, பவானி ஒரு பக்கம் பிடிக்க, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றினார்கள். கண்டக்டர் பார்த்தார்.

"இன்னாம்மா, பழைய சாமான் யாவாரமா?"

"இல்லண்ணே. வாத்து சுடறதுக்கு."

அவர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

குப்பத்து வீட்டில் டிவியை மேசைமேல் வைத்து ஆட்டத்தைப் போட்டதும் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அப்பாதுரை குறிவைத்துச் சுட்டார். விழவில்லை. மறுபடி சுட்டார். அதுவும் விழவில்லை. கூட்டம் கலையப் பார்த்தது. சூர்யகலாவின் முகம் சுருங்கியது. வெனிலா டிவியின் வயரைச் சரிபார்த்தாள். இவ்வளவு தூரம் தூக்கி வந்தது வீணா?

துப்பாக்கியின் கண்ணாக இருந்து யோசித்துப் பார்த்தாள். குனிந்து, குழல் இருந்த இடத்தில் தன் முகத்தை வைத்துத் திரையைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாகக் கடல் வெளிச்சம் முழுக்கத் திரையில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே வெள்ளைக் கட்டம் எங்கே தெரியும்?

"ஐயா, கதவ மூடிக்கலாமா?"

"கதவ மூடறதா? கடலப் பாக்காம நான் எப்டிம்மா குந்திக்கினு இருப்பேன்?"

"சரி, கதவு வேணாம். டிவிய திருப்பறோம்."

டிவியின் முதுகு வாசலைப் பார்க்கும்படி வைத்தார்கள். இப்போது திரையில் பளபளப்பு இல்லை. அப்பாதுரைக்கு வாத்தும் தெரிந்தது, வாத்துக்குப் பின்னால் கடலும் தெரிந்தது. விரலை மடக்கினார். பாதி வந்து நின்றது. பல்லைக் கடித்து மீதியையும் இழுத்தார். டிக். வாத்து சிறகை விரித்துத் தலைகுப்புற விழுந்தது.

யாரோ விசில் அடித்தார்கள். சூர்யகலா சமையல் கட்டுக்குள் போய்விட்டாள். அப்பாதுரை யாரையும் பார்க்கவில்லை. அடுத்த வாத்து வந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு வெனிலா அடிக்கடி குப்பத்துக்குப் போய்வர வேண்டியதாயிற்று. உப்புக் காற்று விசைத் தகட்டை விடுவதில்லை. துடைப்பதோடு நிறுத்தாமல், ஆடாத நேரத்தில் துப்பாக்கியை அரிசி டப்பாவில் போட்டு மூடி வைக்கச் சொன்னாள். பச்சை பூப்பது குறைந்தது. அப்பாதுரைக்கு முதலில் சுட்டுவிரல் வந்தது. பிறகு நடுவிரல். மோதிர விரல் இன்றைக்கும் சரியாக மடங்குவதில்லை. கயிறு மெஷின் பக்கம் போக வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். ஊசியைப் பிடிக்க முடிகிறது.

ஆனால் வெனிலாவுக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. தானும் அம்மாவும் தவறவிடுகிற வாத்துகளை, பாதி விரலோடு அவர் எப்படி விழவைக்கிறார்? ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அது திரும்பறதுக்கு முன்ன றெக்கைய ஒரு தபா கீழ வெச்சி நிக்குதும்மா. அப்ப சுட்டா தப்பாது" என்றார் அப்பாதுரை.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே?"

"தெரிலன்னா போட்டா புடிச்சிப் பாரு. நீதான் அதுல ஆளாச்சே."

வெனிலா போனை எடுத்தாள். மெதுவாக ஓட்டினாள். இன்னும் மெதுவாக ஓட்டினாள். வாத்து திரும்புவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு படத்தில் சிறகு கீழே இறங்கி அசையாமல் நின்றது. அவர் சொன்னது நிஜம்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சூர்யகலா குரல் கொடுத்தாள். வெனிலா அந்த வீடியோவை இன்னொரு முறை ஓட்டிக்கொண்டிருந்தாள்.