மடிப்பக்காவுக்குப் பிடித்தது

மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைக்கூடம். பன்னிரண்டு இயந்திரங்களும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அங்கே இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பவரை எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள். நான்கு மூலையும் சரியாகப் பொருந்தாவிட்டால் உதறி மறுபடி மடிப்பார். வீடு ஒற்றை அறை. கடைசித் தங்கையும் கல்யாணமாகிப் போனபின் அங்கேயும் பேச ஆளில்லை.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலை வேலைதான் பிடிக்கும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னால் மாலை வேலை விழும். “ஆசைப்பட்டதைக் குடுத்தா தலைமேல ஏறிடுவாங்க” என்பது அவர் கொள்கை. அதனால் எல்லோரும் வேண்டாததைக் கேட்டு வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள். மடிப்பக்கா இதில் தேர்ந்தவர். இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டதில்லை.

முன்வாசல் விசாரணை மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள், நேர்காணல் ஆங்கிலத்தில் என்று அறிவிப்பு வந்தது.

“அது தலைவலி பிடிச்ச வேலைக்கா. பொழுதுக்கும் ஆளுங்க வந்து எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க” என்றார் இஸ்திரி போடுபவர்.

“கேக்கட்டுமே” என்றார் மடிப்பக்கா. அன்று மாலையே பழைய புத்தகக் கடையில் ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கினார்.

உனக்கு என்ன பிடிக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, விருப்பங்களைச் சொல்லும் பாடத்தையே உருப்போட்டார். ‘லைக்’ என்றால் பின்னால் ‘டு வாக்’ வரலாம், ‘வாக்கிங்’கும் வரலாம். ‘என்ஜாய்’ என்றால் ‘வாக்கிங்’ மட்டும்தான். ‘வுட் லைக்’ என்றால் ‘டு வாக்’ மட்டும்தான். இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. உதாரணங்கள்தான் இடித்தன. ‘ஐ என்ஜாய் ஸ்விம்மிங்.’ வாளித் தண்ணீரைத் தாண்டி அவர் இறங்கியதில்லை, அடித்தார். ‘ஐ லைக் டு டிராவல்.’ அதையும் அடித்தார்.

“பொய் சொன்னா போலீஸா பிடிக்கும்? சும்மா சொல்லுங்கக்கா” என்றார் இஸ்திரி போடுபவர்.

“வாயில ஒட்ட மாட்டேங்குதுப்பா.”

கடைசியில் ஒரு வாக்கியம் மிஞ்சியது: ‘ஐ ப்ரிஃபர் வொர்க்கிங் வித் பீப்பிள் டு வொர்க்கிங் அலோன்.’ தனியாக வேலை செய்வதைவிட மனிதர்களோடு வேலை செய்யத்தான் பிடிக்கும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நேர்காணலில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனாவைத் திறந்து, சூப்பர்வைசர் ஷிஃப்ட் போடும்போது பார்ப்பதுபோலவே பார்த்தார். தனியாக வேலை செய்யப் பிடிக்குமா, மனிதர்களோடா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இது கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று நினைத்தார். நாக்கு சூப்பர்வைசரிடம் பழகியபடியே புரண்டது.

“ஐ ப்ரிஃபர் வொர்க்கிங் அலோன், சார்.”

“வெரி குட்” என்று அவர் எழுதிக்கொண்டார்.

படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் சொன்னது உறைத்தது. திரும்பி ஓடினார். கதவு சாத்தியிருந்தது.

“முடிஞ்சவங்க கிளம்புங்கம்மா” என்றார் வாசலில் நின்ற பியூன்.

விசாரணை மேசை வேறொருவருக்குப் போயிற்று. மடிப்பக்காவின் ஆங்கிலம் பிழையில்லாமல் இருந்தது என்று பதவி உயர்வு கொடுத்து, ஆறாவது மாடித் துணிக் கிடங்குக்குத் தனிப் பொறுப்பாளராகப் போட்டார்கள். உத்தரவில் ‘அவரது விருப்பத்திற்கிணங்க’ என்று ஒரு வரி இருந்தது.

“ஜன்னல் வச்ச ரூமாமே! ஒண்டி ராணியா இருங்கக்கா” என்று இஸ்திரி போடுபவர் வழியனுப்பினார்.

கிடங்கில் சத்தமே இல்லை. சீட்டை நீட்டுவார்கள், விரிப்பை வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் மட்டும் நின்றாள்.

“தனியா உட்கார்ந்திருக்கீங்களே, கஷ்டமா இல்லையாம்மா?”

மடிப்பக்கா நிமிர்ந்தார்.

“இல்லம்மா. எனக்கு இப்படி இருக்கத்தான் பிடிக்கும்.”

சொல்லிவிட்டு, அவள் அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் புரிந்துகொண்டவளாகத் தலையாட்டினாள். இனி யாரும் தொந்தரவு செய்யாதபடி, போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.