வாசலில் ஒரு சோடி சப்பாத்து

பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீட்டின் முன்னறையில் ஜெபக்கூட்டம். ரோம அரசுக்கு அஞ்சி வீடுகளில் ஒளிந்து கூடிய முதல் கிறிஸ்தவர்களைப் பற்றிப் போதகர் பேசுகிறார். வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குள் ஆட்கள் புகுந்து அடித்த செய்திகளைக் கேட்டுவிட்டுச் சென்னையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்திருக்கும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்திலிருக்கும் பெண் தன் சப்பாத்தைப் பையில் போட்டு மடியில் வைத்திருக்கிறார்.

"ஏங்க, ஷூவை வாசல்ல விடலையா?"

"அண்ணை இந்த ரோட்டாலதான் வேலைக்குப் போறவர். நான் ஞானஸ்நானம் எடுத்தது அவருக்குத் தெரியாது. சப்பாத்தைக் கண்டா விளங்கிடும்."

அழைப்புமணி அடிக்கிறது. போதகர் பேச்சை நிறுத்துகிறார். நான் பதறித் திரையை விலக்குகிறேன். பிந்தி வந்த ஒரு குடும்பம்தான்.

"கதவைப் பூட்டாதேங்கோ! அண்ணை கண்டா காணட்டும்." அந்தப் பெண் எழுந்துபோய், எல்லாச் செருப்புகளுக்கும் முன்னால், தெருவில் போகிறவர் பார்வை படும்படி தன் சப்பாத்தை வைக்கிறார். திரும்பி வந்து கைதட்டிப் பாடுகிறார்.

தெருவில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் நான்தான் மறுபடி திரையை விலக்கிப் பார்க்கிறேன்.