அக்காவின் தோலும் உப்புத் தண்ணீர்ச் சோதனையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபது. பூசைக்கு இரண்டாம் மணி அடித்து ஓய்ந்திருந்தது. தன் பெரியம்மாவின், அதாவது என் அக்காவின், சேலைக்கு ஊசி குத்திவிட வந்த என் மகள் ஜெனி, அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்க ஓடி வா" என்று கூப்பிட்டாள். அக்காவின் முழங்கை மடிப்பில் புன்னைக்காய் அளவில் மூன்று கொப்புளங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் பிசகத் தொடங்கிய நேரம் அதுதான்.

அக்கா இனயம் என்ற இந்தக் கடற்கரை ஊரில் பிறந்தவர். எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். அம்மா படுக்கையில் விழுந்ததும், என்னைப் பார்த்துக்கொள்வதற்காக பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டார். குளச்சலில் வாழ்க்கைப்பட்டு, மூன்றே ஆண்டுகளில் அத்தானை நோய்க்குப் பறிகொடுத்து, பிள்ளையில்லாமல் திரும்பி வந்தார். அதன்பின் கரையில் மீனை அறுத்து உப்பிட்டுக் காயவைப்பதே அவர் தொழில். நான் கல்லூரிக்குப் போனது அந்தக் கருவாட்டில்தான். எனக்குத் திருமணமான பிறகும் எங்களோடுதான் இருந்தார். ஜெனி கைக்குழந்தையாக அக்காவின் பாயில் இடம் பிடித்தவள். பதினாறு வயதிலும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

கொப்புளத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும், வலையில் சிக்கி வந்த சொறிமீன் பட்டிருக்கும் என்றோம். சொறி பட்டால் இங்கே யாருக்கும் கொப்புளிக்கும், சில நாளில் வற்றிவிடும். அக்காவும் எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போனார். வற்றவில்லை. வயிற்றிலும் தொடையிலும் புதிது புதிதாக வந்தது. அரிப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தார். "ஏட்டி, பிள்ளைய கூட படுக்க வைக்காத. ஒட்டிரும்" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. நான் ஜெனியைக் குளச்சலில் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினேன். அக்காவுக்குத் தனித் தட்டு வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசா வாங்கினியா? கொள்ளாம், நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவர் அம்மா பார்த்ததுமே இது ஒட்டும் நோயல்ல என்றார். உடம்பு தன் தோலையே பகையாக நினைத்து எதிர்ப்பதால் வருவதாம். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கொப்புள நோய்கள் பல உண்டாம். தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்ததில், இரண்டில் ஒன்று என்பது வரைதான் தெரிந்தது. ஒன்று மருந்துக்கு அடங்கும். மற்றது லேசில் அடங்காது. எந்த நோய் என்றே தெரியாதபோது ஒட்டாது என்று எப்படிச் சொல்கிறார் என என் மனம் அடித்துக்கொண்டது. தட்டை நான் மாற்றவில்லை.

அக்காவின் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை, சீரம் என்கிறார்களே அதை, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார் மருத்துவர். அங்கே என்ன செய்வார்கள் என்று அக்கா கேட்டார்.

"நோயில்லாத ஒருத்தரோட தோலை உப்புத் தண்ணியில ஊற வைப்பாங்கம்மா. மேல்தோலும் அடித்தோலும் பிரிஞ்சு வரும். உங்க சீரத்தை அதுல விட்டா, மேல் பக்கம் ஒட்டுதா, கீழ் பக்கம் ஒட்டுதான்னு பார்ப்பாங்க."

அத்தனை நாள் கழித்து அக்கா சிரித்தார். "இதுக்கா வெளியூரு? எனக்க உப்புத் தொட்டியில போட்டா நானே பிரிச்சுத் தருவனே. அது சரி டாக்டரே, எந்தப் பக்கம் ஒட்டினா நல்லது?"

"மேல் பக்கம்."

"அப்ப மேலயே ஒட்டட்டு."

பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். போன் ஒலிக்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். பதின்மூன்றாம் நாள் மதியம் மருத்துவரே அழைத்தார். "மேல் பக்கம்தான் ஒட்டியிருக்கு. பெம்பிகாய்டு. மருந்துக்குக் கேட்கும், பயப்படாதீங்க." போனை அக்காவிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "சொன்னம்லா" என்றார்.

மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். புதிய கொப்புளங்கள் நின்றன, பழையவை ஆறின. மாத்திரையைப் பையப் பையக் குறைத்தார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அக்கா எங்களோடு நலமாக இருந்தார். சென்ற ஆண்டு ஒரு காலையில், காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கடைசியாக அவரைக் குளிப்பாட்டியபோது கைகளையும் வயிற்றையும் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. அழுகைக்கு நடுவிலும் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த மருத்துவர் அம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரத் தம்பிக்கும், எங்கோ ஒரு மேசையில் அந்தச் சீரத்தைச் சோதித்த முகம் தெரியாதவருக்கும், அடக்கத்துக்கு வந்து உடன் நின்று, இன்று இதை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சோதனை முடிவு வந்த நாளின் சாயங்காலத்தைச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. அக்கா பாயில் உட்கார்ந்து தனித் தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார். குளச்சலிலிருந்து பஸ் பிடித்து ஜெனி வந்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய் அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளித் தின்றுவிட்டுச் சொன்னாள்:

"கொஞ்சம் நீங்கி இரு பெரியம்மா. இது எனக்க இடம்லா."