அரைக்கிலோ சின்ன வெங்காயம்

ஊரூர் குப்பத்து முத்துமாரிக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. மீன் கூடைக்கு முன்னால் குந்தியிருக்கும்போதுகூட, வாங்க வந்தவர் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்குள் இவள் எழுந்து கத்தியைத் தீட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு கை ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பாள். நாற்பத்தெட்டு வயதில் அவளை வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தது அவள் புருஷன் மண்ணாங்கட்டியின் சிறுநீரகம்.

பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு. தெரிய வந்தபோது இரண்டும் போய்விட்டிருந்தன. அடையாறில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் டயாலிசிஸ் மையம். செவ்வாய், வியாழன், சனி என்று அவனுக்கு முறை. கையில் இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும் வரை அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பான். இவள் வெளியே உட்கார்ந்து, எழுந்து, மாடிப்படி இறங்கி, மறுபடி ஏறி வருவாள்.

இருபத்தாறு வருஷம் கடலுக்குப் போனவன் அவன். இப்போது படகைத் தம்பி மதிவாணன் ஓட்டினான். பொழுது சாய்ந்தால் மண்ணாங்கட்டியின் கால்கள் பரபரக்கத் தொடங்கிவிடும். தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்பான். நடந்தால்தான் அடங்கும். சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருப்பான். அவன் செருப்புச் சத்தம் போய் வருவதைக் கேட்டுக்கொண்டே முத்துமாரி அடுப்படியில் இருப்பதைக் கலைத்து அடுக்குவாள், அடுக்கியதைக் கலைப்பாள்.

சாப்பாடு பெரும் பாடாகிவிட்டது. உப்பு பாதியாகக் குறைய வேண்டும். புளி, தக்காளி, தேங்காய், கருவாடு எதுவும் கூடாது. இளநீரைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டர்தான், குழம்பு மோர் எல்லாம் அதற்குள்ளேயே. மையத்தின் உணவு ஆலோசகர் நிஷா இதையெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள். முத்துமாரி அதன்படி வேகவைத்துக் கொட்டினாள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவான்.

"இன்னாடி இது, ஈரத்துணிய மெல்ற மாதிரி கீது."

அவளுக்குக் கோபம் வராது. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குள் ஏதோ கிடந்து தவிக்கும். ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை துடிக்கும்.

அப்படித் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவளிடம் வழக்கமாக மீன் வாங்கும் ரத்னா அம்மா செல்போனை நீட்டினார். வீடியோவில் வைத்தியர் போல ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"மாரி, இதைப் பாரு. சின்ன வெங்காயச் சாறு, காலையில வெறும் வயித்துல. நாற்பத்தெட்டு நாள்ல கிட்னி பழையபடி வேலை செய்யுமாம். டயாலிசிஸே வேண்டாமாம்."

"மெய்யாலுமா சொல்றாரு?"

"எத்தனை பேர் நன்றி சொல்லி எழுதியிருக்காங்க பாரு. உனக்கென்ன நஷ்டம், வெங்காயந்தானே?"

அந்த 'வெங்காயந்தானே'தான் அவளைப் பிடித்துக்கொண்டது. அவள் அறியாத வெங்காயமா? வெயிலில் நின்று தலை சுற்றினால் மோரில் நறுக்கிப் போட்டுக் குடிப்பாள். குதிகாலில் கட்டி கிளம்பியபோது ஒன்றைச் சுட்டு வைத்துக் கட்டினாள், மூன்றாம் நாள் உடைந்தது. சளி பிடித்தால் நல்லெண்ணெயில் வதக்கிச் சோற்றில் பிசைந்து தின்பாள். அதில் போய் என்ன கெடுதல் இருக்கும்?

மறுநாள் காலையிலேயே அரைக்கிலோ உரித்தாள். மிக்சியில் அடித்துத் துணியில் புழிந்தாள். ஒரு பெரிய டம்ளர் வந்தது. குடிசை முழுக்கக் காரம் ஏறி இருவருக்கும் கண்ணில் நீர் கொட்டியது.

"மூக்கைப் புட்சிக்கினு குடிய்யா. ஒரே மூச்சு."

அவன் குடித்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு, "பரவால்லடி, நாக்குல ஏதோ ஒன்னு தெரியுது" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சாப்பிட்ட பொருளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்பது நாள் நடந்தது. மையத்தில் யாரிடமும் அவர்கள் வாய் திறக்கவில்லை. அவன் முகம் தெளிந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. தெளிய வேண்டும் என்று பார்க்கிற கண்ணுக்கு அப்படித்தானே தோன்றும். பத்தாம் நாள் சனிக்கிழமை. கிளம்புகிற நேரத்தில் அவன் சட்டையைப் போடாமல் நின்றான்.

"இன்னிக்கு வாணாம் மாரி. ஒடம்பு லேசாக் கீது. ஊசி குத்திக் குத்திக் கை மரத்துப் போச்சு. ஒரு நாள் வுட்டுப் பாக்கலாம்."

அதெல்லாம் முடியாது, கிளம்பு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் முகத்தில் பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்கிற பிள்ளையின் ஆசை இருந்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். மையத்திலிருந்து போன் வந்தபோது, ஊருக்குப் போயிருக்கிறோம் என்று பொய் சொன்னாள். அன்று அவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கூவிக்கொண்டே பெசன்ட் நகர்த் தெருக்களை இரண்டு சுற்று வந்தாள்.

திங்கட்கிழமை உச்சி வெயிலில், ஒருவருக்குச் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றது. காரணம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. மீனை அப்படியே பலகையில் போட்டுவிட்டு ஓடினாள்.

அவன் வாசற்படியில் உட்கார்ந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்துக்கொண்டிருந்தான். எழ முடியவில்லை.

"காலு கேக்க மாட்டேங்குது மாரி. என்னுதே இல்லாத மாதிரி கீது." குரலும் தேய்ந்திருந்தது.

பொழுது சாய்ந்தால் ஓயாமல் பரபரக்கும் அந்தக் கால்கள் இப்போது அசையாமல் கிடந்ததைப் பார்த்ததும் அவள் மதிவாணனைக் கூவி அழைத்தாள். மதிவாணன் அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் போட்டான். மையத்தோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் மார்பில் வயர் ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் குரலை உயர்த்தி ஆட்களைக் கூப்பிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் கட்டுமீறி ஏறியிருந்தது, இதயம் தயங்கித் தயங்கித் துடித்தது. ஊசி மருந்து போட்டு உடனே மெஷினில் சேர்த்தார்கள்.

நிஷா நோட்டோடு வந்து முத்துமாரியின் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அண்ணன் இளநி குடிச்சாரா?"

"இல்லம்மா."

"வாழைப்பழம்?"

"இல்ல."

"கீரைத் தண்ணி, சூப்பு ஏதாவது?"

"இல்லவே இல்லம்மா."

மூன்றும் உண்மை. மூன்று உண்மைகளைச் சொல்லி முடித்ததும் நாலாவதை மறைக்க அவளால் முடியவில்லை.

"வெங்காயச் சாறு குடுத்தேன். சின்ன வெங்காயம். தெனிக்கும் அரைக்கிலோ."

நிஷா நோட்டை மூடினாள். திட்டுவாள் என்று முத்துமாரி காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பாரம் இறங்கியிருக்கும்.

"நல்லதுன்னுதானேம்மா..."

"நல்லதுதான்க்கா. குழம்புல பத்து வெங்காயம் போட்டா நல்லது. அரைக்கிலோவைப் புழிஞ்சா அதுல இருக்கிற பொட்டாசியம் மொத்தமும் ஒரு டம்ளர்ல வந்து நிக்கும். நமக்குன்னா சிறுநீர்ல போயிடும். அண்ணனுக்குப் போக வழி ஏது? சனிக்கிழமை மெஷினும் இல்ல."

முத்துமாரி தலையை ஆட்டினாள். புருஷனின் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றதால் அவன் பாதங்கள் மட்டுமே தெரிந்தன. சாயங்காலம் அந்தப் பாதங்களில் ஒன்று மெல்ல ஆடத் தொடங்கியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். கூடையில் மிச்சமிருந்த வெங்காயத்தைத் தூக்கியெறியப் போனாள். மண்ணாங்கட்டி தடுத்தான்.

"அது இன்னா செஞ்சிது பாவம்? அந்தப் பொண்ணு கொயம்புல போடச் சொல்லுதே."

அதற்குப் பிறகு அவள் சமையலை வேறு மாதிரி பிடித்தாள். எண்ணிப் பத்து வெங்காயம். முழுசாக, சிறு தீயில், எண்ணெயில். முன்பெல்லாம் அவசரத்தில் கண்ணாடி போல ஆனதும் புளியை ஊற்றிவிடுவாள். இப்போது ஊற்றப் புளியில்லை. அதனால் வெங்காயம் ஓரம் சிவந்து, தித்திப்பு இறங்கி, முறுகிய தோசை நிறத்துக்கு வரும் வரை கிளறிக்கொண்டே நின்றாள். நாலு பல் பூண்டு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை. பாதியை அம்மியில் அரைத்துக் கெட்டியாக்கி, அதில் ஒரே ஒரு துண்டு மீன். இறக்கும்போது வெங்காயத்தாளை நறுக்கித் தூவினாள். உப்பு நிஷா சொன்ன அளவுதான். எலுமிச்சை நாலு சொட்டு.

அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். தட்டு காலியானது. மறுநாள் முதல் வெங்காயம் உரிப்பதை அவனே எடுத்துக்கொண்டான். கை வேலை செய்தால் கால் கொஞ்சம் அடங்குகிறது என்றான். முழுக்க அடங்கவில்லை, பொழுது சாய்ந்தால் சந்தில் செருப்புச் சத்தம் இன்னும் கேட்டது.

ரத்னா அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். இவளுக்கு அவர் மேல் கோபமில்லை. புழிந்த கை தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியும்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, மையத்தில் புதிதாக வந்த ஆயத் என்ற பெண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் அதே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருவான்மியூர்க்காரி. உள்ளே படுத்திருந்தவன் அவள் புருஷன் ஆசிஃப். முத்துமாரி தன் கதையை முதலிலிருந்து சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்கல போல அக்கா" என்றாள் ஆயத் மெல்ல. "எல்லாருக்கும் அப்படியே ஆகுமா? நான் நேத்தே ஆரம்பிச்சிட்டேன்."

முத்துமாரியால் உட்கார முடியவில்லை. நிஷாவைத் தேடினாள். அன்று அவள் விடுப்பு. நர்சிடம் சொன்னாள். நர்ஸ் வந்து எடுத்துச் சொன்னபோதும் ஆயத் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்குப் போனால் மறுபடி புழிவாள் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது, அன்று யாராவது சொல்லியிருந்தால் முத்துமாரியும் அப்படித்தானே ஆட்டியிருப்பாள். மறுநாள் விற்று முடித்த கையோடு கூடையை மதிவாணனிடம் கொடுத்துவிட்டுத் ஆயத்திடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்திருந்த விலாசத்தைத் தேடித் திருவான்மியூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

ஆயத் கதவைத் திறந்து திகைத்தாள்.

"இன்னாம்மா பாக்கற? பேச வரல. உன் அடுப்ப ஒரு அரமணி நேரம் குடு."

ஆயத்தின் கூடையிலிருந்தே பத்து வெங்காயம் எண்ணி எடுத்தாள். வதக்கினாள். ஆசிஃப் உள்ளறையிலிருந்து, என்ன வாசனை இது என்று கேட்டான். கிளம்பும்போது ஆயத் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. ஃபிரிட்ஜில் மூடி வைத்திருந்த டம்ளரும் அங்கேயேதான் இருந்தது.

சனிக்கிழமை ஆசிஃபுக்கும் முறை, ஆனால் அவன் இன்னும் வரவில்லை. முத்துமாரி மாடிப்படியை ஆறு முறை இறங்கி ஏறினாள். ஏழாவது முறை இறங்கும்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஆசிஃப் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பின்னால் ஆயத், கையில் எவர்சில்வர் கேரியர்.

"அக்கா, உப்பு கம்மியாத்தான் போட்டேன்" என்றாள். "கேக்காமலே ரெண்டாவது வாட்டி போட்டுக்கிட்டாரு."

"அந்த டம்ளரு?"

"ஊத்திட்டேன்."

முத்துமாரி ஆசிஃபின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். மூவருமாகப் படி ஏறினார்கள்.