துக்க வீட்டில் பாட்டெடுப்பது

கர்த்தர் ஒவ்வொருவருக்கும் கொடுத்த தாலந்தைப் பற்றிய பிரசங்கம் வரும்போதெல்லாம், எனக்குக் கொடுக்கப்பட்டது பாட்டுதான் என்று நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் பார்ப்பது சம்பளத்துக்கான வேலை. பாட்டு கர்த்தருக்கு. தாம்பரத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில், இரண்டாம் வரிசையில், ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிற பெண்களோடு பல வருடங்களாக நிற்கிறேன். கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் ஒரு சரணத்தையாவது தனியாகப் பாட வேண்டும் என்பது என் நெடுநாள் ஜெபம். சென்ற ஆண்டு குழுத் தலைவர் அதை எனக்குக் கொடுத்தார்.

அதற்கு முன், மழைக்காலத்தில், அனகாபுத்தூரில் எங்கள் சபைப் பெண் ஒருவரின் கணவர் இறந்துபோனார். குழுவில் சிலர் போயிருந்தோம். குறுகலான சந்து. ஷாமியானாவின் ஒரு பக்கத்தை எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். துக்க வீட்டில் கீபோர்டு இருக்காது. யாராவது ஒருவர் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் அதே சுருதியில் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் குழுவின் சிறந்த குரல்காரி, என்னைவிட இளையவள், ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற அதே உயரத்தில் எடுத்தாள். இரண்டாவது அடியில் அவள் மட்டுமே பாடிக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி வாயைத் திறந்தார். அழுது கட்டியிருந்த தொண்டைக்கு எட்டவில்லை. மூடிக்கொண்டார்.

அந்தச் சரணம் முடியும்வரை காத்திருந்து, அடுத்ததை இரண்டு கட்டை இறக்கி நான் எடுத்தேன். பேசுகிற குரலை ஒட்டிய உயரம். வெளியே நின்ற ஆண்கள் சேர்ந்தார்கள். கடைசிச் சரணத்தில் அந்த மனைவியும் பாடினார், கணவர் முகத்தைப் பார்த்தபடி.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அந்தக் குரல்காரி என்னை இடித்தாள். "இன்னாக்கா, என் பாட்டையே புடுங்கிக்கினு போய்ட்டீங்க?"

"புடுங்கலடி. கொஞ்சம் எறக்கி வச்சேன்."

"என் குரல் எறங்காதுக்கா. மேல ஏத்தி வுட்ட கர்த்தர் ஏணிய எடுத்துக்கினு போய்ட்டாரு."

அதன் பிறகு துக்க வீடுகளிலிருந்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போய்வந்தேன். அதை ஓர் உபகாரமாகத்தான் நினைத்தேனே தவிர, என் ஊழியம் என்று நினைக்கவில்லை.

கீத ஆராதனைக்கு முந்தின நாள் மாலை கடைசிப் பயிற்சி. வராதவர்கள் மறுநாள் பாட முடியாது என்பது குழுவின் விதி. அன்று மதியம் பீர்க்கன்கரணையிலிருந்து ஒருவர் போன் செய்தார். "அக்கா, அப்பா காலைல தவறிட்டாரு. சாயந்திரம் அடக்கம். ஆயர் வர்றாரு, பாட்டெடுக்கத்தான் ஆள் இல்ல."

"இதோ கூப்பிடுறேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

சமையலறையில் நின்றபடியே ஜெபிக்கப் பார்த்தேன். ஆண்டவரே, இந்தச் சரணத்தை நீர்தானே கொடுத்தீர் என்று ஆரம்பித்து, மேலே போக முடியவில்லை. அனகாபுத்தூரில் அந்த மனைவி வாயை மூடிக்கொண்டதுதான் கண்ணில் நின்றது. நான் தனியாகப் பாட வேண்டும் என்று கேட்டது நான் மட்டுமே. மற்றவர்கள் பாடும்படி எடுத்துக் கொடுக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். தேவ அழைப்புக்காக இத்தனை வருடம் காத்திருந்தவள், அது வந்தபோது உபகாரம் என்று பெயர் வைத்திருந்தேன்.

குழுத் தலைவரைக் கூப்பிட்டேன். "சார், இன்னிக்கு பிராக்டிஸுக்கு வர முடியாது. பீர்க்கன்கரணைல ஒரு சாவு."

"மேடம், வரலைன்னா நாளைக்கு நீங்க பாட முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அங்க வேற யாரும் பாட மாட்டாங்களா?"

"பாடுவாங்க. ஒசரமா எடுத்துடுவாங்க."

"எங்க மாமியார் அடக்கத்துல நான்தான் எடுத்தேன். ஒருத்தரும் கூட வரல" என்றார். "போய்ட்டு வாங்க."

பீர்க்கன்கரணையில், போன் செய்தவர் வீட்டு கேட்டருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டேன். சொன்னார். "மொத அடிய லேசா பாடுங்க தம்பி" என்றேன். திகைத்துவிட்டு, கரகரத்த குரலில் முணுமுணுத்தார். அந்த உயரத்தை மனதில் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அதிலேயே எடுத்தேன். என் குரலுக்கே அது கொஞ்சம் கீழே. அவர் முழுப் பாட்டையும் பாடினார்.

வண்டி வந்ததும் என்னிடம் வந்தார். "அக்கா, கல்லறைத் தோட்டத்துலயும் நீங்களே எடுப்பீங்களா?"

"எடுக்கிறேன் தம்பி" என்று அவர்களோடு ஏறிக்கொண்டேன்.