காட்டுக்குச் சம்பந்தி

பின்பக்கமாக நடந்துகொண்டே மணலைச் சமன் செய்கிறார் காவல்காரர். மட்டப்பலகையை இழுத்து இழுத்து, சுரங்கவழியின் ஒரு வாயிலிலிருந்து மறு வாயில்வரை, தன் காலடியையும் தானே அழித்துக்கொண்டு வருகிறார். வெளியே வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "அப்பாடா, படுக்கை விரிச்சாச்சு. இனி வர்றவங்க வரட்டும்" என்பார். தினமும் பொழுது சாயும்போது இதே வேலை, இதே பேச்சு.

வரவேண்டியவர்கள் மான்கள். தலைக்கு மேலே புது நெடுஞ்சாலை. காட்டை இரண்டாக வெட்டிவிட்ட சாலை என்பதால், விலங்குகள் கடந்துபோக அதன் அடியில் இந்தச் சுரங்கவழியை வைத்திருக்கிறார்கள். மணலில் விழும் தடங்களைக் காலையில் பார்த்துச் சொல்வதும், மனிதர்களை உள்ளே விடாமல் காப்பதும் இவர் உத்தியோகம். மான்கள் இந்த வழியை ஏற்றுக்கொண்டன என்று வனத்துறை எழுதிக்கொடுத்தால்தான் சாலையில் இரவு லாரிகளை விடுவார்கள். அதுவரை இருட்டினால் சாலையின் கேட்டை மூடிவிடுவார்கள். ஊரின் தக்காளி லாரியிலேயே கிடந்து அழுகும்.

சிக்கல் என்னவென்றால், சாலை ஊரையும் சேர்த்து வெட்டியிருக்கிறது. வீடுகள் ஒரு பக்கம், காய்கறி பேக்கிங் ஷெட் மறு பக்கம். மனிதர்களுக்கென்று கட்டிய நடைமேம்பாலம் எங்கோ தள்ளி இருக்கிறது. அதில் ஏறி இறங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். கண்ணெதிரே குறுக்குவழி இருக்கும்போது யாருக்குத்தான் கால் சும்மா இருக்கும்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லோரையும் இவர் திருப்பி அனுப்புகிறார். காட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவர் மாதிரி அதன் பக்கமே பேசுகிறாரே என்று ஊரில் இவருக்கு 'சம்பந்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்ன சம்பந்தி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்களா?" என்பார் டீக்கடைக்காரர்.

"நாய் வந்துச்சு, நரி வந்துச்சு, நீங்கல்லாம் வந்தீங்க. அவங்கதான் வரலை" என்று டம்ளரைக் கீழே வைப்பார் இவர். குரலில் கோபம் இருக்காது. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

தடம் பார்ப்பதில் இவர் பெரிய புலி என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை சிறுத்தை வந்திருக்கிறது என்று வன அதிகாரியை அலறியடித்து ஓடிவரச் செய்தார். வந்திருந்தது ஓட்டல்காரரின் கொழுத்த நாய். அந்த அதிகாரி, மகள் வயதுப் பெண், சிரிக்காமல் திரும்பிப் போனாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இவருக்கு.

மனைவிக்கு அந்த ஷெட்டில்தான் வேலை. இடது முழங்கால் தேய்மானம். "ஊருக்கெல்லாம் சட்டம், சரி. கட்டின பொண்டாட்டிக்குக் கூடவா? ஓரமா போயிடுறேனே" என்று கேட்டுப் பார்த்தாள்.

"உன்னை விட்டா நாளைக்கு ஊரே உன் பின்னால வரும். மனுஷ நடமாட்டம் இருந்தா மான் வராது. மான் வரலைன்னா ராத்திரி லாரி கிடையாது. லாரி இல்லைன்னா உன் ஷெட்டையே மூடிடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியுதுங்க. முட்டிக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மேம்பாலத்துப் பக்கம் போய்விட்டாள். நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. வேலையைவிட அதுதான் இவரை அதிகம் களைக்கவைத்தது.

சென்ற வாரம் ஒரு மாலை, மணலைச் சமன் செய்து முடித்த கையோடு, வேலியைத் தாண்டிய ஆடுகளை விரட்டிக்கொண்டு மேட்டுப்பக்கம் போயிருந்தார். மறுநாள் விடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மணலின் நடுவே பெரிய குளம்புத் தடம். அதை ஒட்டிச் சின்னக் குளம்பு. தாயும் குட்டியும் இந்த வாயிலில் நுழைந்து அந்த வாயிலில் வெளியேறியிருந்தன.

அவற்றுக்கு அடியில் மனிதக் காலடி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த வெறுங்கால். இடதுகால் ஒரு அடிகூடத் தூக்கி வைக்கப்படவில்லை. கோடு கோடாக இழுபட்டிருந்தது. நாலைந்து எட்டுக்கு ஒருமுறை இரண்டு பாதமும் சேர்ந்து நின்றிருந்தன. சமதரையிலேயே இத்தனை தடவை நின்றிருக்கிறாள் மனைவி. இவ்வளவு வலி என்று இவருக்குத் தெரியாது.

மேலே ஜீப் வந்து நிற்கும் சத்தம். பலகை கையில்தான் இருந்தது. ஆனால் குட்டியின் குளம்புகள் அந்தக் கோட்டின் மேலேயே பதிந்திருந்தன. இவர் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

அதிகாரி குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. "இந்தக் கால் யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது, மேடம்."

"காவல்காரர் வீட்டு ஆளேன்னா உங்க வேலைக்கே ஆபத்தாச்சே. நான் வர்றதுக்குள்ள கலைச்சிருக்கலாமே?"

"கலைச்சா குட்டியும் போயிடும். பார்த்ததை எழுதிக்குங்க."

அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்க நிற்கவில்லை. ஷெட்டுக்கு ஆட்கள் போகும் நேரம். வேகவேகமாக மேம்பாலத்துக்கு நடந்தார். மனைவி பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இவரைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"மணலைப் பார்த்துட்டீங்களா?"

இவர் அவள் கையைக் கம்பியிலிருந்து விடுவித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவள் அடுத்த படியில் காலைத் தூக்கி வைக்கும்வரை அசையாமல் நின்றார்.