தட்டில் கிடந்த வளையங்கள்

இன்ஜின் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் முள்ளக்கா. பிரஸ்ஸில் அழுத்தம் காட்டும் முள்ளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சிலிண்டர் ஹெட்டின் துளைக்குள் வால்வு வளையத்தை அழுத்தி இறக்குவது அவள் வேலை. முள் எகிறினால் பட்டென்று நிறுத்திவிடுவாள். விட்டால் ஹெட் விரிசல் கண்டுவிடும். அவள் கையில் ஒன்றுகூட உடைந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கல்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

துளை போடுகிறவர் அவள் புருஷன். அந்தக் கோடையில் முள் அடிக்கடி எகிறியது. அவளும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் நிறுத்தினாள்.

"என்னக்கா, வீட்டுச் சண்டைய இங்க கொண்டுவந்துட்டியா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

"புருஷன்னு பாத்தா துளை பெருசாயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. துளை சிறுத்துப்போகிறது என்று அவள் புருஷனை மெஷினிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் தள்ளினார். இத்தனை காலம் மெஷினில் நின்றவர், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினார்.

புது ஆள் வந்தார். முள் அப்போதும் எகிறியது. அப்படியானால் கோளாறு துளையில் இல்லையா? அவள் தன் தட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

வளையத்தைக் குளிர்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, குளிரில் சுருங்கியிருக்கும்போதே இறக்க வேண்டும். நடை மிச்சம் என்று இவள் கைநிறைய அள்ளித் தட்டில் வைத்துக்கொள்வாள். கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தன. அந்த வெக்கையில் எல்லாம் பழையபடி விரிந்திருந்தன. அடிப் பாவி, துளையில் ஒரு குறையும் இல்லை!

சூப்பர்வைசரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு, "சரி, நாளைக்கே அவர மெஷினுக்கு வரச் சொல்லு" என்றார். அந்த மட்டும் பிழைத்தோம் என்று பேக்கிங்குக்கு விரைந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் டேப்பைக் கீழே வைத்தார். "அப்பவே அளந்து பாத்தேன். அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏங்க சொல்லல? என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீதான் நிறுத்திட்டியே. நீ தப்பா நிறுத்த மாட்டன்னு, என் கை மேலயே சந்தேகப்பட்டுட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "போனது போகட்டும். நாளைக்கு மெஷினுக்கு வந்துருங்க" என்று கெஞ்சினாள்.

"வேணாம்மா," என்றார். "இனிமே ஒவ்வொரு துளை போட்டதும் உன் மூஞ்சியத்தான் திரும்பிப் பாப்பேன்."